மறுபடி தேய்த்தவர்

முராகிக்குச் சம்பளம், சுவரில் முட்டிக்கொள்வதற்கு. கேலி இல்லை, வேலையே அதுதான். கொக்குராவில் ஒரு உடோன் நூடுல்ஸ் கடையின் மாடியில் ஏழு பேர் சேர்ந்து நடத்தும் வீடியோ கேம் கம்பெனி அது. ஆறு பேர் உலகத்தைக் கட்டுவார்கள். ஏழாவது ஆளான முராகி, அந்த உலகத்தின் ஒவ்வொரு சுவரிலும் போய் உரசிப் பார்ப்பாள். உள்ளங்கையில் அடங்கும் மடக்குக் கருவியைத் திறந்து, வாள் தூக்கிய சின்ன வீரனைச் சுவரோடு ஒட்டி நடத்திக்கொண்டே போக வேண்டும். எங்கேயாவது ஓட்டை இருந்தால் வீரன் அதற்குள் நழுவி, உலகத்துக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பாழில் விழுந்துகொண்டே இருப்பான். கருவி உறைந்துபோகும். ஆடுகிறவன் நாற்பது மணி நேரம் கண் எரிய எரிய ஆடிச் சேர்த்ததெல்லாம் அழிந்துவிடும். அந்தக் காலத்தில் சில்லுக்குள் அடைத்துக் கடைக்கு அனுப்பிய கேமைப் பிறகு யாராலும் திருத்த முடியாது. அதனால் முன்னாலேயே தேய்த்துப் பார்த்துவிட வேண்டும். வேலைக்குப் பேரே சுவர் தேய்ப்பது.

'துருவாள் இரண்டு' என்பது கேமின் பெயர். கஞ்சத்தனத்தில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரே அரக்கன் சிவப்பாக வருவான், நீலமாக வருவான், கடைசியில் பெரிதாக்கிக் கறுப்பாக வருவான். அவனுடைய உறுமல் ஆபீசின் வாக்வம் கிளீனர். இளவரசி, படகுக்காரி, கோயில் பூனை எல்லாருக்கும் குரல் முதலாளி கவாசேயின் மனைவி. வீரனின் காலடிச் சத்தம், முதலாளி செருப்போடு மாடிப்படி ஏறியதைப் பதிவு செய்தது. முதல் பாகத்தின் ஊர்களில் பாதியை அப்படியே தூக்கிவந்து, கூரைக்கு மட்டும் வேறு நிறம் அடித்து வைத்திருந்தார்கள். உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று, புல். நிரல் எழுதும் உகாய் ஆறு மாதம் மல்லுக்கட்டி, மிதித்த இடத்தில் புல் சாய்ந்து, மெல்ல நிமிரும்படி செய்திருந்தார். இப்படிப்பட்ட கேமுக்கும் நாட்டில் உயிரை விடுகிற எட்டாயிரம் பேர் இருந்தார்கள். முதல் பாகத்தை வாங்கியவர்கள் அவர்கள்தான். இரண்டாம் பாகத்தை வாங்கப்போகிறவர்களும் அவர்கள்தான்.

கேமின் உலகம் இருநூற்றுப் பதினான்கு இடங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாள். தாளின் அடியில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தின் மேல் 'தேய்த்தவர்' என்றும், அடுத்ததன் மேல் 'மறுபடி தேய்த்தவர்' என்றும் எழுதியிருக்கும். தேய்த்து முடித்தவர் தன் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு அங்கே குத்த வேண்டும். இரண்டு கட்டத்திலும் இரண்டு வேறு ஆட்களின் முத்திரை இருந்தால்தான் ஒசாகாவில் இருக்கிற வெளியீட்டுக்காரர்கள் கேமை வாங்கிக்கொள்வார்கள். இரண்டு ஜோடிக் கண் பார்த்தால் தப்பு நேராது என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் கவாசேயிடம் இருந்ததோ ஒரே ஒரு ஜோடிக் கண்.

ஜூன் மாதம் முராகி முதல் தாளை முடித்துவிட்டு, இரண்டாம் கட்டத்தில் யார் குத்துவது என்று கேட்டாள்.

"உன் மேஜை இழுப்பறையில பாரு, தெஷிமாவோட முத்திரை இருக்கும். அதைக் குத்திடு" என்றார் கவாசே, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"தெஷிமா சான்... இறந்துட்டாரு இல்லீங்களா?"

"முத்திரை இருக்கில்ல? சும்மா ஒரு சம்பிரதாயம்மா அது. ஒசாகாக்காரன் என்ன ஆளை நிக்கவெச்சா பாக்கப்போறான்?"

பெயரோடு 'சான்' என்று மரியாதை சேர்த்துச் சொன்னாளே தவிர, தெஷிமாவை முராகி பார்த்ததே இல்லை. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். முதல் பாகம் வெளிவரும் சமயத்தில் இறந்தவர். நாற்காலியில் அவர் போட்ட மெத்தை அப்படியே இருந்தது. இழுப்பறையில் பாதி காலியான தொண்டை மிட்டாய் டப்பாவும் இருந்தது. வேலையை அவள் கற்றதே அவருடைய நோட்டுப் புத்தகத்திலிருந்துதான். 'இரண்டு தேய்ப்பு, ஒரு குதி. நடக்கும்போது பிடிபடாத ஓட்டை குதிக்கும்போது பிடிபடும்' என்று பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். முகம் தெரியாத அந்த மனிதர் மேல் அவளுக்கு மரியாதை இருந்தது. இருந்தும் முத்திரையை எடுத்துக் குத்தினாள். கையெழுத்து என்றாலாவது பேனா பிடித்து அந்த ஆளாக நடிக்க வேண்டும். முத்திரைக்கு அது கூட வேண்டாம், விரல் போதும். மழைக்காலம் போய், வெயில் போய், செப்டம்பர் கடைசி வாரம் வந்தபோது அவள் இருநூற்றுச் சொச்சம் தடவை தெஷிமாவைக் குத்தியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு கூரியர்காரர் வருவார். தாள்கள் எல்லாம் அவரோடு ஒசாகா போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த ஆண்டு கேம் வெளிவராது. வெளிவராவிட்டால் கம்பெனி அடுத்த வசந்தத்தைப் பார்க்காது. முராகியின் வேலையும் அதோடு போய்விடும். முப்பத்தாறு வயதில் சுவரில் முட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாதவளை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை, முன்பே முடித்த மூங்கில் காட்டில் ஒரு மூலையைச் சந்தேகத்துக்காக இன்னொரு முறை பார்க்கப் போனாள். ஹெட்போனில் வீரனின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். வீரன் நின்றான். செருப்புச் சத்தம் நிற்கவில்லை.

சரக். சரக். தொப்.

திரையில் யாரும் இல்லை. மூங்கில் வேலியை ஒட்டி, கொஞ்சம் தள்ளி, அந்தச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. சரக், சரக், தொப். இரண்டு தேய்ப்பு, ஒரு குதி. முராகியின் பிடரியில் மயிர் குத்திட்டு நின்றது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு உகாயின் மேஜைக்குப் போனாள். உகாய் காய்ந்த கணவாய் மீனை மென்றபடி உட்கார்ந்திருந்தார். அவர் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

"உகாய் சான், மூங்கில் காட்டுல இன்னொரு காலடி கேக்குது."

"எதிரொலியா இருக்கும்."

"எதிரொலி குதிக்குமா?"

உகாய் அவளிடமிருந்து கருவியை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகிக்கொண்டு கேட்டார். பிறகு எண்கள் ஓடும் திரையைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"காட்டுக்குள்ள இருக்கிறது ஒரே ஆளு. உங்க வீரன். வேற யாருமே கணக்குல இல்ல. ஆனா சத்தம் வருது..."

"பிழைன்னு ரிப்போர்ட் எழுதட்டுமா?"

"வேணாம் வேணாம். 'அமைப்பே அப்படி'ன்னு போட்டுடறேன்."

தங்களால் தீர்க்க முடியாத எதற்கும் அந்தத் தொழிலில் சொல்கிற பதில் அது. முராகிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

புதன்கிழமை அவள் ஒரு சோதனை செய்தாள். கோயில் படிக்கட்டை அன்று காலைதான் தேய்த்து முடித்திருந்தாள். தாளில் தன் முத்திரையை மட்டும் குத்தினாள். திரும்பவும் படிக்கட்டுக்குப் போய் வீரனை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. கால் மணி நேரம் காத்திருந்தும் வேறெதுவும் இல்லை. பிறகு இழுப்பறையைத் திறந்து, தெஷிமாவின் முத்திரையை எடுத்து, இரண்டாம் கட்டத்தில் குத்தினாள். மை காய்வதற்குள் ஹெட்போனில் சத்தம் வந்தது. படிக்கட்டின் அடியிலிருந்து யாரோ தேய்க்க ஆரம்பித்தார்கள்.

படியோரத்துப் புல் ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கால்கள் சுவரோரமாகவே ஏறின. ஒரு கல்லைக்கூட விடவில்லை. பாதிப் படியில் நின்று, திரும்பி வந்து, முன்பு பார்த்த இடத்தையே இன்னொரு தடவை தேய்த்தன. முராகி அந்த மூலையை அவசரமாகத் தாண்டியது அவளுக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முகம் சூடாகிப்போனது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி தேய்த்தவர் என்று ஒருவர் பெயரைக் குத்தியாயிற்று. அவரோ குத்திய பெயருக்குப் பதில் சொல்லியே பழகிய மனிதர். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், இல்லாதபோதும் அப்படித்தான். ஜூலையில் ஒரு நாள் அவள் ஊர்த் திருவிழாவுக்குப் போகும் அவசரத்தில் இருபத்து மூன்று தாளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி டப் டப்பென்று குத்தித் தள்ளியிருந்தாள். இருபத்து மூன்று இடத்தையும் அந்த மனிதர் தனியாகத் தேய்த்திருக்கிறார். கவனித்துக் கேட்டால் காலடியில் களைப்பு தெரிந்தது. சரக் என்பதற்கும் அடுத்த சரக் என்பதற்கும் நடுவே இடைவெளி நீண்டிருந்தது. குதியும் உயரம் குறைந்திருந்தது. முராகிக்குப் பயம் இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் பயத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது.

நேராக முதலாளியிடம் போனாள்.

"முதலாளி, இனிமே தெஷிமா சானோட முத்திரையை நான் குத்த மாட்டேன்."

"ஏன், மை தீந்துபோச்சா?"

"அவர் தேய்க்கிறாருங்க. நான் குத்தின இடத்துலயெல்லாம் வந்து தேய்க்கிறாரு."

கவாசே உடனே சிரிக்கவில்லை. ஒரு நொடி ஜன்னல் பக்கம் பார்த்தார். அதற்கப்புறம்தான் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு. லீவு கேக்க மாட்டான், போனஸ் கேக்க மாட்டான். இப்படி இன்னும் நாலு பேர் கெடைச்சா தேவலை."

"வெளையாட்டுக்குச் சொல்லலீங்க."

"இதோ பாரும்மா முராகி. எதிர்ல நூறு யென் கடையில, சுத்துற தாங்கி ஒண்ணு வெச்சிருக்கான். ஊர்ல உள்ள பேரெல்லாம் அதுல முத்திரையா தொங்குது. தெஷிமாவும் தொங்குது. நீ இதை ஒளிச்சு வெச்சா நான் செருப்பை மாட்டிக்கிட்டுப் போய் இன்னொண்ணு வாங்கிட்டு வருவேன். அவ்வளவுதான் விஷயம். போ, போய் மிச்சமிருக்கிற அந்தக் கடைசிக் கெணத்தை முடி."

அவர் சொன்னது உண்மைதான். அவள் அந்தக் கடைக்குப் போயிருக்கிறாள். தாங்கியைச் சுற்றினால் தெஷிமா நாலு ஐந்து தொங்கும். செத்த பிறகும் ஒரு மனிதனின் பெயர் கிளிப், ரப்பர் பேண்டு பக்கத்தில் தொங்குகிறது, எவன் வேண்டுமானாலும் வாங்கி எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் குத்தலாம் என்று நினைத்துக்கொண்டே மேஜைக்குத் திரும்பினாள்.

வியாழக்கிழமை காலையில் எங்கும் காலடி இல்லை. மூங்கில் காடு, படிக்கட்டு, படகுத்துறை என்று அவள் முத்திரை குத்திய இடங்களில் ஒவ்வொன்றாக நின்று கேட்டாள். ஒரு புல்கூடச் சாயவில்லை. கொடுத்த வேலையை எல்லாம் முடித்துவிட்டார் போலிருக்கிறது. அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியோடு கடைசி இடமான இருநூற்றுப் பதினான்காம் தாளை எடுத்தாள். மேற்குக் கிணறு.

மேற்குக் கிணறு முதல் பாகத்திலிருந்து அப்படியே வந்தது. பாழடைந்த ஊரின் ஓரத்தில் வட்டமான கல் கிணறு, சுற்றிலும் புல். முராகி வீரனைக் கிணற்றுச் சுவரோடு ஒட்டிவிட்டு வலம் வரவைத்தாள். இரண்டு தேய்ப்பு, ஒரு குதி. தெற்குப் பக்கம் சரியாக இருந்தது. கிழக்குப் பக்கமும் சரியாக இருந்தது. வடக்குப் பக்கம் ஒரு கல் முன்னால் வந்தபோது வீரன் நின்றுவிட்டான். சுவரைத் தொடவில்லை. சுவருக்கும் அவனுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் இருந்தது. அவள் பட்டனை அழுத்தினாள். வீரன் முன்னே போகப் பார்த்தான். எதுவோ அவனை மெல்லப் பின்னால் தள்ளியது.

அந்த இடத்தில் மட்டும் புல் சாய்ந்து கிடந்தது. இரண்டு கால் அளவுக்கு. நிமிரவே இல்லை.

இந்தத் தாளில்தான் அவள் இன்னும் எதையும் குத்தவில்லையே. அப்படியானால் இங்கே அவர் எப்படி? முராகி அலமாரியில் இருந்து முதல் பாகத்தின் பழைய கோப்பை எடுத்துப் புரட்டினாள். கடைசித் தாள் மேற்குக் கிணறு. 'தேய்த்தவர்' கட்டத்தில் தெஷிமாவின் முத்திரை. 'மறுபடி தேய்த்தவர்' கட்டத்தில் கவாசேயின் முத்திரை. இரண்டுக்கும் ஒரே தேதி, நவம்பர் பதினேழு.

ஒவ்வொரு வருடமும் உகாய் அவள் மேஜையில் டின்னில் அடைத்த காப்பி ஒன்றை வைத்துக் கும்பிடுவார். அது நவம்பர் பதினாறு. தெஷிமா இறந்த நாள்.

"உகாய் சான்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "செத்ததுக்கு மறுநாள் ஒருத்தர் எப்படி முத்திரை குத்துவாரு?"

உகாய் தாளைப் பார்த்தார். அப்புறம் முதலாளியின் மூடிய கதவைப் பார்த்தார்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஆபீஸ்ல அவர் மட்டும்தான் இருந்தாரு" என்றார் மெதுவாக. "திங்கக்கிழமை காலைல நான்தான் கதவைத் தொறந்தேன். நாற்காலியில உக்காந்தபடியே இருந்தாரு. கருவி சார்ஜர்ல இருந்துச்சு, அணையலை. கட்டை விரல் பட்டன் மேலயே இருந்ததால வீரன் அந்தக் கெணத்துச் சுவர்ல முட்டிக்கிட்டே இருந்தான். வடக்குப் பக்கம். ராத்திரி முழுக்க முட்டியிருப்பான்."

"தேய்ச்சு முடிச்சாரா?"

"யாருக்குத் தெரியும்? ஆம்புலன்ஸ் போனதும் முதலாளி தாளை எடுத்து ரெண்டு கட்டத்துலயும் குத்தி அனுப்பிட்டாரு. நாங்க யாரும் வாயைத் தொறக்கலை." உகாய் கணவாய்ப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார். "நானும்தான் தொறக்கலை."

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. இருநூற்றுப் பதின்மூன்று தாளும் பெட்டியில் அடுக்கியாயிற்று. கவாசே தானே வந்து அவள் மேஜை பக்கத்தில் நின்றார். கடைசித் தாளின் முதல் கட்டத்தில் முராகியின் முத்திரை இருந்தது. இரண்டாவது காலி.

"இன்னும் என்ன? குத்தும்மா."

"நீங்க தேய்ங்க முதலாளி" என்றாள் முராகி. "மறுபடி தேய்க்க ஒரு ஆள் வேணும். நீங்க இருக்கீங்க இல்ல? தேய்ச்சிட்டு உங்க பேரையே குத்துங்க."

"எனக்குச் சுவர் தேய்க்கிறதுதான் வேலையா?"

"ஒரே ஒரு கெணறு. அஞ்சு நிமிஷம்."

கம்பெனியில் இதுவரை யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. உகாய் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். கவாசே கடிகாரத்தைப் பார்த்தார். முணுமுணுத்தபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கருவியைக் கையில் வாங்கினார். தான் விற்கிற கேமை அவர் விளையாடி எத்தனை வருடம் ஆயிற்றோ, வீரன் கிணற்றுக்கு வருவதற்குள் இரண்டு தடவை வேலியில் இடித்துக்கொண்டான்.

தெற்கு முடிந்தது. கிழக்கு முடிந்தது. வடக்கில் வீரன் நின்றான்.

"என்ன இது, போக மாட்டேங்குது?"

"தள்ளிப் பாருங்க."

அவர் பட்டனை அழுத்தினார். வீரன் ஓரடி போனான், ஓரடி பின்னால் தள்ளப்பட்டான். இன்னும் அழுத்தினார். அப்போது ஹெட்போனில் அவர் எதையோ கேட்டார். அவருடைய சொந்தச் செருப்புச் சத்தம்தான், எப்போதோ அவரே மாடிப்படியில் நடந்து பதிவு செய்தது. ஆனால் அந்த நடை அவருடையது இல்லை. சரக், சரக், தொப். நின்ற இடத்திலேயே. கவாசேயின் முகத்தில் ரத்தம் சுண்டிப்போவதை முராகி பார்த்தாள்.

"இவன் இன்னும்... இங்கயேவா இருக்கான்?"

கீழே உடோன் கடையில் யாரோ இன்னொரு கிண்ணம் கேட்டது மாடிவரை கேட்டது.

"அன்னிக்கு மத்தியானம் எனக்கு போன் பண்ணினான்" என்றார் கவாசே. கண் திரையை விட்டு அகலவில்லை. "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, வீட்டுக்குப் போகட்டுமான்னு கேட்டான். கடைசிச் சுவர் முடியற வரைக்கும் எந்திரிக்காதேன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். சரிங்கன்னான்."

"அப்ப நீங்கதான் சொல்லணும்" என்றாள் முராகி. "நாங்க சொன்னா எழுந்திரிக்க மாட்டாரு."

அந்த ஊரில் ஆபீஸ் முடிந்து எழுபவர் முதலில் போவதற்கு மன்னிப்புக் கேட்பார். இருப்பவர்கள் உழைத்ததற்கு நன்றி சொல்லி அனுப்புவார்கள். அதைச் சொல்லாமல் ஒருவரும் படியிறங்க மாட்டார்கள். தெஷிமாவிடம் மட்டும் அதை யாரும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கவாசே ஹெட்போனைக் கழற்றினார். கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினார்.

"தெஷிமா. ரொம்ப உழைச்சிட்டே. போதும்ப்பா. வீட்டுக்குப் போ."

குரல் உடைந்தது. மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். கிணற்றோரம் சாய்ந்து கிடந்த புல் மெல்ல நிமிர்ந்தது. அதற்கு அடுத்த புல் சாய்ந்தது. பிறகு அதற்கு அடுத்தது. சுவரை ஒட்டி இல்லை, சுவரை விட்டு விலகி, ஊரின் நடுவழியாக, சாதாரணமாக வீட்டுக்கு நடக்கிற ஆளின் நடையில் புல் சாய்ந்துகொண்டே ஊர் வாசல் வரை போனது. அங்கே ஒரு கணம் நின்றது. அப்புறம் எல்லாப் புல்லும் நிமிர்ந்துவிட்டது.

கவாசே கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். தன் முத்திரையை எடுத்து மையில் தொட்டார்.

"இருங்க" என்றாள் முராகி. "வடக்குப் பக்கம் இன்னும் யாரும் தேய்க்கலை. தேய்க்காமத்தான் நானும் குத்தியிருக்கேன்."

கருவியை வாங்கி வீரனைச் சுவரோடு ஒட்டினாள். இப்போது தடுக்க யாரும் இல்லை. ஒரு தேய்ப்பு, இரண்டு தேய்ப்பு, ஒரு குதி. குதித்த வீரன் தரைக்கு வரவில்லை. கல்லுக்குள் நழுவி, கிணறும் புல்லும் வானமும் மேலே போய்ச் சிறுத்து, வெள்ளைப் பாழில் கையைக் காலை உதறியபடி விழுந்தான். விழுந்துகொண்டே இருந்தான். கருவி உறைந்தது. அவள் அணைத்துத் திரும்பப் போட்டபோது அதில் ஒன்றுமே இல்லை. எல்லாம் அழிந்திருந்தது.

உகாய் காலியான திரையைக் குனிந்து பார்த்தார்.

"முதல் பாகத்துலயும் இதே கெணறுதான்" என்றார் உகாய், ஒவ்வொரு சொல்லாக. "எட்டாயிரம் பேர் ஆடியிருக்காங்க. ஒருத்தன்கூட விழலை. ஒரு புகார் கடுதாசிகூட வரலை."

முராகிக்கு இப்போதுதான் புரிந்தது. தெஷிமா சுவரைத் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கவில்லை. ஒருமுறை விழுந்து ஓட்டையைக் கண்டுபிடித்து, உறுதி செய்ய அதே இடத்துக்குத் திரும்பியிருக்கிறார். சொல்வதற்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. அதனால் அதன் வாயில் தானே போய் நின்றுகொண்டார். யாராவது அந்தப் பக்கம் வந்தால் மெல்லத் தள்ளி அனுப்பிக்கொண்டு, மூன்று வருடமாக.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் கவாசே.

"கல்லை மாத்த ஒரு நாள். ஆனா ஒண்ணை மாத்தினா எல்லாத்தையும் மொதல்லேர்ந்து தேய்க்கணும். இருநூத்துப் பதினாலும்."

மணி இரண்டு பத்து. கவாசே பெட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை முராகியின் திறந்திருந்த இழுப்பறைக்குப் போனது. தொண்டை மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்தில் விரல் நீளத்தில் அந்த முத்திரை கிடந்தது.

"முராகி" என்றார். குரல் கெஞ்சியது. "ஒரே ஒரு குத்து. அவன் வந்துடுவான். இப்பதானே போனான், ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டான். இந்த ஒரு கேம் மட்டும்..."

அவர் கை இழுப்பறையை நோக்கி நீண்டது. அவர் கெட்டவர் இல்லை என்பது முராகிக்குத் தெரியும். ஏழு குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அழுதுகொண்டே வழியனுப்பியவரும் இதே மனிதர்தான். அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. மூங்கில் காட்டில் காலடி கேட்டபோதுகூட இப்படிக் குளிரவில்லை.

அவள் முத்திரையை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

"அவர் வீட்டுக்குப் போயிட்டாரு முதலாளி."

"எதிர்க் கடையில..."

"வாங்குங்க. நூறு தெஷிமா வாங்குங்க. என் முத்திரை இல்லாம இந்தத் தாள் செல்லாது. என் பேரையும் வாங்கிக் குத்தினீங்கன்னா, நான் குத்தலைன்னு சொல்ல நான் உயிரோட இருக்கேன்." முதல் கட்டத்தில் இருந்த தன் பெயரின் மேல் பேனாவால் இரண்டு கோடு இழுத்தாள். கோடு நேராகத்தான் விழுந்தது.

பிறகு பிழை ரிப்போர்ட் தாள் ஒன்றை எடுத்து எழுதினாள். இடம்: மேற்குக் கிணறு, வடக்குச் சுவர். நிகழ்வது: சுவருக்குள் விழுதல், சேமிப்பு முழுவதும் அழிதல். மறுபடி நிகழ்கிறதா: ஒவ்வொரு முறையும். கடைசி வரியில் 'கண்டவர்' என்ற இடத்தில் தெஷிமா என்று எழுதினாள். ரிப்போர்ட்டுக்கு முத்திரை தேவையில்லை.

மூன்று மணிக்கு கூரியர்காரர் வந்தார், வெறுங்கையோடு போனார். உள்ளே கவாசே ஒசாகாவுக்கு போன் போட்டு, எதிரில் யாருமில்லாத சுவரைப் பார்த்துத் திரும்பத் திரும்ப இடுப்பை வளைத்துக்கொண்டிருந்தார். உகாய் கம்ப்யூட்டரில் கிணற்றின் கல்லைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முராகி முத்திரையை ஒரு உறையில் போட்டு ஒட்டினாள். தெஷிமாவின் அக்கா மோஜியில் இருப்பதாக உகாய் சொன்ன முகவரியை அதன் மேல் எழுதினாள்.

நாலரை மணிக்குக் கவாசே அவள் மேஜைக்கு வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கம்பெனி இருக்குமா போகுமா என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கையில் இன்னொரு கருவி இருந்தது.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?"

"ஒண்ணாம் நம்பர்லேர்ந்து" என்றாள் முராகி. "ரெண்டு தேய்ப்பு, ஒரு குதி."

அவர் தேய்க்க ஆரம்பித்தார். அவளும் தேய்த்தாள். இரண்டு கருவியிலிருந்தும் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. முராகி அவ்வப்போது விரலை எடுத்துவிட்டுக் காது கொடுத்தாள். அவள் நின்றதும் அவளுடைய சத்தமும் நின்றது.